சட்டம் எதுவும் வந்துவிடாமல் எம்.பி.யைச் சந்திப்பது எப்படி

கொழும்பில் சர்வதேசப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், கட்டண உயர்வுக் கடிதம் வந்த அன்றிரவே சங்கம் அமைத்துவிடுவார்கள். அது ஒன்றும் கஷ்டமில்லை. இருக்கிற வாட்ஸ்அப் குழுவின் பெயரை மாற்றினால் போதும். நேற்றுவரை 'கிரேட் செவன் பி அம்மாக்கள்' என்றிருந்தது இன்று 'அக்கறையுள்ள பெற்றோர் ஒன்றியம்' ஆகிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். யாரோ ஒருவர், அநேகமாகச் சட்டக் கல்லூரிக்குப் போய்ப் பாதியில் வியாபாரத்துக்கு வந்தவர், "இதை நாங்கள் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேணும்" என்று எழுதுவார். கீழே நாற்பது கட்டைவிரல்கள் விழும். அந்த நாற்பது பேருக்காகவே இந்தக் குறிப்புகள்.

முதலில் நோக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 'சர்வதேசப் பாடசாலைகளின் எதிர்காலம் குறித்து மக்கள் பிரதிநிதிகளுடன் கலந்துரையாடல்' என்பது கடிதத் தலைப்பில் போடுவதற்கு. உண்மையில் நீங்கள் கேட்கப்போவது இதுதான்: கட்டணத்தை அரசு கட்டுப்படுத்த வேண்டும், கட்டணத்தைத் தவிர வேறெதையும் அரசு தொடக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இரண்டையும் ஒரே மகஜரில், ஒன்றையொன்று பார்த்துவிடாத தூரத்தில் எழுதுவதுதான் சங்கத்தின் முதல் திறமை. ஒன்று முதற் பக்கத்தில் இருக்கட்டும், மற்றது இணைப்பில்.

போகுமுன் கொஞ்சம் வரலாறு படித்துவைப்பது நல்லது. எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இலும் 1961இலும் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்து உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றது. மிஷன் பாடசாலைகள் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் கட்டி வளர்த்தவையும் அதோடு போயின. அப்போது கத்தோலிக்கப் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து பேசித்தான் விவகாரம் தணிந்தது. இன்றைய பெற்றோர் அப்படிச் செய்யக்கூடாது என்பதல்ல. செய்ய முடியாது. படலையில் நிற்கும் பாதுகாவலர் விசிட்டர் பாஸ் கேட்பார், பாஸ் வாங்க அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும், அலுவலகம் இரண்டரை மணிக்கு மூடிவிடும்.

1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஐந்து முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகளுக்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. துணியும் தொலைக்காட்சிப் பெட்டியும் கப்பலில் வந்திறங்கின. கல்விச் சட்டத்தில் கைவைக்க மட்டும் துணிவு வரவில்லை. எனவே அதைத் தொடாமலே சுற்றிப்போகும் பாதை ஒன்று உண்டானது. பாடசாலை தொடங்கினால்தானே தடை? கம்பனி தொடங்கலாம். கம்பனிக்குப் பணிப்பாளர் சபை இருக்கும், ஆண்டறிக்கை இருக்கும், கட்டடத்துக்குள் தற்செயலாகச் சில நூறு பிள்ளைகளும் இருப்பார்கள். கொழும்பு சர்வதேசப் பாடசாலை 1982இல் ஆரம்பமானது. அதே 1982இல்தான் ஜெஃப்ரி பாவா வரைந்த புதிய பாராளுமன்றக் கட்டடம் தியவன்னா ஓயாவின் நடுவே திறக்கப்பட்டது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் இந்த இரண்டு உலகங்களுக்கும் முறையான அறிமுகம் நடக்கவில்லை. அந்த அறிமுகத்தைச் செய்துவைக்கப் போகிற தரகர் நீங்கள்தான் என்பதால் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

இடையில் ஒரு சங்கடமான தகவல். வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்காக 1957இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பாடசாலைக்குப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிச்சட்டமே உண்டு. ஆக, சர்வதேசப் பாடசாலை ஒன்றுக்குச் சட்டம் எழுதுவது இந்த நாட்டில் முடியாத காரியம் அல்ல. எம்.பி. முன்னிலையில் இந்த வாக்கியத்தை யாரும் உச்சரித்துவிட வேண்டாம்.

இனி, எங்கெங்கே முறையிட்டோம் என்ற பட்டியல் ஒன்று தேவை. பாராளுமன்றம் கடைசிக் கதவு என்று காட்டினால்தான் மரியாதை. கல்வி அமைச்சு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளைப் பார்த்துக்கொள்கிறது. கம்பனியாகப் பதிவான ஒன்றின் தவணைக் கட்டணத்தைத் தொடும் அதிகாரம் அதற்கு இல்லை. கம்பனிகள் பதிவாளருக்கு ஆண்டுதோறும் படிவம் போய்ச் சேர்ந்தால் சரி, ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் வந்தாரா என்று அந்தப் படிவத்தில் கேள்வி கிடையாது. முதலீட்டுச் சபை முதலீட்டைப் பார்க்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் சட்டம் பொருட்களோடு சேவைகளையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் அரிசி விலை பற்றியும் பின்னால் பழுதான குளிர்சாதனப் பெட்டி பற்றியும் முறையிட ஆட்கள் நிற்பார்கள் என்பதை எதிர்பார்த்துப் போங்கள். எல்லா இடத்திலும் வரவேற்பு மேசையில் ஒரு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய தாள் பருமனாக இருக்க இருக்க, சங்கம் பாடுபட்டது என்ற எண்ணம் உறுப்பினர்களுக்கு வலுக்கும்.

தூதுக்குழுவைத் தெரிவுசெய்வதில் அவசரப்படாதீர்கள். ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் கட்டாயம், பறங்கியர் ஒருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஒரு டொக்டர் இருக்கவேண்டும். சட்டத்தரணி இருக்கக்கூடாது, அவர் உருப்படியாக எதையாவது எழுதிவிடுவார். நிர்வாகத்தோடு கோபமாக இருக்கும் தாய் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், பேசும் முறை வரும்போது மட்டும் அவருக்குத் தேநீர் வரட்டும். வாகன விஷயம் மிக முக்கியம். 2024 நவம்பர் தேர்தலில் 225 ஆசனங்களில் 159ஐ எடுத்துப் பாதிக்கு மேற்பட்ட புதுமுகங்களோடு வந்திருக்கும் தரப்பு, கல்வி வியாபாரமாவதை எதிர்த்துப் பல தசாப்தங்களாகக் கோஷம் போட்ட மரபில் வந்தது. பிராடோவில் போய் இறங்கிக் கட்டணச் சுமை பற்றிப் பேசாதீர்கள். யாரிடமாவது வேகன் ஆர் இருக்கும். நான்கு பேர் நெருங்கி உட்கார்ந்தால் போகலாம், இறங்கும்போது உடுப்பு கசங்கியிருந்தால் இன்னும் பொருத்தம். பிராடோக்கள் தியத உயனவில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடட்டும்.

உங்களுக்குத் தெரிந்த எம்.பி.மார் யாரும் இப்போது எம்.பி. இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய சபையில் ஒருவர் உங்களோடு ஒரே கிளப்பில் நீந்தினார், இன்னொருவரின் மைத்துனர் உங்கள் வங்கியில் இருந்தார். அவர்களெல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போனால் மணிக்கணக்காகப் பேசுவார்கள், அவர்களுக்கும் ஆள் தேவை. நம்முடைய தேர்தல் முறையில் 'என் தொகுதி எம்.பி.' என்று ஒருவர் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கொழும்பு மாவட்டத்துக்குப் 18 பேர். எல்லோரும் உங்களுடையவர்கள், எனவே ஒருவரும் உங்களுடையவர் இல்லை. பதினெட்டுப் பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் தராத பதினேழு பேரையும் பற்றிக் குழுவில் மூன்று நாள் திட்டலாம், சங்கத்தின் ஒற்றுமைக்கு அது நல்லது.

பதில் தந்த அந்த ஒருவர் உங்களை முன்பே எங்கோ பார்த்ததாகச் சொல்லக்கூடும். பதறாதீர்கள். ஏழு வருடத்துக்கு முன் பிள்ளையைத் தேசியப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்க முயன்றபோது எத்தனை வாசல்களில் நின்றீர்கள்! வதிவிடத்துக்கு ஐம்பது வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வீதம் என்று சுற்றறிக்கை சொல்ல, வாக்காளர் இடாப்பும் மின்சாரப் பட்டியலும் உறுதியும் கையில் வைத்துக்கொண்டு அளவு நாடாவோடு அலைந்த காலம் அது. பாடசாலைப் படலையிலிருந்து உங்கள் வீட்டுக் குசினிவரைக்கும் நேர்கோடு போட்டுப் பார்த்ததில், நடுவில் வேறு பாடசாலைகள் இருந்ததால் புள்ளி குறைந்தது. அதன்பிறகுதான் 'ஆங்கில மூலம்தான் எதிர்காலம்' என்ற கொள்கை உங்கள் வீட்டில் பிறந்தது. இந்தக் காலவரிசையை எம்.பி. கேட்காதவரை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை.

மகஜரின் மொழி பற்றி ஒரு பெரிய கூட்டமே நடக்கும். அரசாங்கத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. அந்த உரிமைக்காக எங்கள் தகப்பன்மார் சத்தியாக்கிரகம் இருந்தார்கள் என்று வெள்ளவத்தை அங்கிள் ஒருவர் குரல் பதிவு அனுப்புவார். உருக்கமாக இருக்கும். ஆனால் குழுவிலுள்ள தமிழர்களில் யாருக்குத் தமிழில் தட்டச்சு வரும் என்று கேட்டால் நீல நிற இரட்டைச் சரிக்குறிகள் மட்டும் தெரியும். சிங்களப் பெற்றோரும் அதே நிலைதான்: பேசுவார்கள், கடிதம் எழுதும் சிங்களம் வேறு. பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்றால், எட்டு வருடம் இரண்டாம் மொழி படித்த பிள்ளைக்கு 'கௌரவ' என்ற சொல்லே கண்டியைத் தாண்டி இருக்கும் ஊர்.

இதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் சாரதியின் மகள் அரச பாடசாலையில் உயர்தரம் படிக்கிறாள். சிங்களம் அழகாக எழுதுவாள், தமிழும் இரண்டாம் மொழியாக எடுத்துச் சித்தியடைந்தவள், பக்கத்துக் கடையில் தட்டச்சும் பழகியிருக்கிறாள். 'உயர்தரக் கல்வியைப் பாதுகாப்போம்' என்ற மகஜரை அவளிடம் கொடுங்கள். இரண்டு நாளில் இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் வரும். இடையில் ஒரு சந்தேகம் கேட்பாள்: "அங்கிள், நாலாம் கோரிக்கையும் ஒன்பதாம் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லையா?" அதெல்லாம் பெரியவர்கள் விஷயம் என்று சொல்லி ஒரு சொக்லட் பெட்டி கொடுத்துவிடுங்கள்.

கோரிக்கைகளில் எண்கள் இருக்கட்டும். 2022இல் டொலர் ஒரு சில வாரங்களில் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஓடியபோது, டொலரைப் பார்த்துக் கட்டணம் நிர்ணயித்த இடங்களில் பெற்றோர் பட்டபாடு கொஞ்சமல்ல. லண்டன் ஓ.எல். பரீட்சைக் கட்டணம் பவுணில். அந்த வருடம் ஒரு பாடத்தைக் குறைக்கலாமா என்று வீடுகளில் நடந்த பேச்சு எதுவும் பகிடி இல்லை. இதை நேராகச் சொன்னால் எந்த எம்.பி.யும் கேட்பார். ஆகவே நேராகச் சொல்லாதீர்கள். 'பேரண்டப் பொருளாதார நிலையின்மையின் பின்னணியில்' என்று ஆரம்பித்து, சிங்கப்பூரையும் டுபாயையும் தொட்டு, மனித மூலதனம் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். சாரதியின் மகளுக்கு அதை மொழிபெயர்க்கக் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

நாளைக் குறிக்கும்போது பாராளுமன்றம் பொதுவாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில்தான் கூடுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் போனால் வாத்துகளைப் பார்க்கலாம். வாசலில் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் பிறந்து வாட்ஸ்அப்பில் வளர்ந்த சங்கம் ஒன்று தொலைபேசி இல்லாமல் நிற்பது பரிதாபமான காட்சி: தீர்மானங்கள், கட்டண ஒப்பீட்டு அட்டவணை, தலைவரின் உரை எல்லாம் வாசல் பெட்டிக்குள் கிடக்கும். கையில் மிஞ்சுவது அந்தப் பிள்ளை அச்சடித்துத் தந்த மகஜர் மட்டும். அதைத்தான் எம்.பி.யும் வாசிப்பார். இங்கேதான் விபத்துக்கு வாய்ப்பு.

ஏனென்றால் சில எம்.பி.மார் வாசிக்கிறார்கள். புதியவர்களில் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள், பிரதமரே கல்வி அமைச்சையும் வைத்திருக்கும் முன்னாள் விரிவுரையாளர். நீங்கள் கட்டணம் என்று வாய் திறந்ததும் உங்கள் எம்.பி. இப்படிக் கேட்டுவிடலாம்:

"நல்லது. கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேணுமெண்டால் முதல்ல பாடசாலையைப் பதிவு செய்ய வேணும். பதிவெண்டால் ஆசிரியரின்ர தகுதி பார்க்கிறது, பாடத்திட்டம் பார்க்கிறது எல்லாம் வரும். தாய்மொழி, சமயம், நாட்டின்ர வரலாறு மூண்டும் கட்டாயமாகும். சம்மதந்தானே?"

அறையில் ஒரு மௌனம் விழும். ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் பயப்படும் மௌனம் அது. டொக்டர் இருமுவார். முஸ்லிம் அங்கத்தவர், வரலாறு என்றால் யாருடைய வரலாறு என்று மனதுக்குள் கேட்பார். தமிழர் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாக மனதுக்குள் கேட்பார். இது நியாயமான கேள்வி, இந்த ஒரு கேள்விக்காகவே அந்த அறைக்குப் போயிருக்கலாம். கேட்காதீர்கள். தலைவர் உடனே, "சேர், நாங்கள் கட்டாயத்துக்கு எதிரானவர்கள், ஆனால் ஒழுங்குக்கு ஆதரவானவர்கள்" என்று சொல்லவேண்டும். அதற்கு அர்த்தம் என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், சுயஒழுங்கு என்று சொல்லுங்கள். உரிமையாளர்களே உரிமையாளர்களைக் கண்காணிக்கும் சபை ஒன்றுக்கு நீங்கள் ஆதரவு என்று குறித்துக்கொள்வார்.

அடுத்த ஆபத்தான கேள்வி: "உங்கட பாடசாலையில பெற்றோர் சங்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருக்குதா?" அரச பாடசாலையில் அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதிபரோடு சண்டையாவது போடலாம். உங்களுக்கு அதுவும் இல்லை. இந்தச் சந்திப்பு பற்றி முதலாளிக்குத் தெரிந்தால், பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை நாளைக்கே தயாரித்துத் தருவதாக அன்பாகச் சொல்வார் என்ற பயத்தில்தான் மகஜரின் அடியில் 'பெற்றோர் சார்பில்' என்று மட்டும் போட்டுப் பெயர் போடாமல் விட்டிருக்கிறீர்கள். அதை எம்.பி. கவனித்தால் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருங்கள். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குத் தானே சமர்ப்பிப்பதாக அவர் சொல்லக்கூடும். மனு உறுப்பினர் ஒருவர் மூலமாகத்தான் போகவேண்டும், அவர் தயாராக இருக்கிறார், ஒரேயொரு கையொப்பம் தேவை. இந்த இடத்தில் குழுவினர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிள்ளைகளை டியூஷனிலிருந்து ஏற்றும் நேரம் வந்துவிடும்.

இப்படியெல்லாம் தப்பித்துக்கொள்ளாத பெற்றோரும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பிரச்சினை உச்சத்தில் இருந்தபோது அந்த மாணவர்களின் பெற்றோர் வெளியே வந்து, முகம் காட்டி, பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு நின்றார்கள். ஊர் முழுக்கத் திட்டியது. அந்தக் கல்லூரி சரியா பிழையா என்பது வேறு கதை, நானும் அதன் பக்கத்தில் நின்றவன் அல்ல. ஆனால் 2018இல் அந்த மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குள் எடுக்கும் விசேட சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஒற்றைக் கோரிக்கை, பெயர், முகம்: இந்த மூன்றும் சேர்ந்தால் சட்டம் வந்துவிடும் அபாயம் இருக்கிறது. உங்கள் மகஜரில் பதினான்கு கோரிக்கைகள் இருப்பதைத் திரும்பவும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்வி பற்றிய மேற்பார்வைக் குழு அழைத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். அழைத்தால் கல்வி அமைச்சு அதிகாரிகளும் வருவார்கள், பாடசாலை உரிமையாளர்களும் வருவார்கள். உரிமையாளர்கள் பக்கம் பவர்பொயின்ட், சட்டத்தரணி, எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறோம் என்ற கணக்கு எல்லாம் இருக்கும். உங்கள் பக்கம் நீங்கள் இருப்பீர்கள். முதலாளி உங்களைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்புவார், மகனின் கிரிக்கெட் எப்படிப் போகிறது என்று பெயர் சொல்லி விசாரிப்பார். அதற்குப் பிறகு பேசுவதற்கு அதிகம் இருக்காது. சர்வதேசப் பாடசாலைகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தேசிய கல்வி ஆணைக்குழு முன்பே பரிந்துரைத்திருக்கிறது என்ற தகவலை ஓர் அதிகாரி வாசிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கட்லட்டும் பட்டிஸும் வரும்.

சந்திப்பு முடிந்ததும் படம் எடுங்கள், தொலைபேசியைத் திரும்ப வாங்கிய பிறகு. எம்.பி. வராவிட்டாலும் கட்டடம் பின்னணியில் தெரிந்தால் போதும். 'மிகவும் பயனுள்ள கலந்துரையாடல்' என்று எழுதி அனுப்புங்கள். நாற்பது கட்டைவிரல்கள். அடுத்த தவணைக் கட்டணத்தை அந்த வாரமே கட்டிவிடுங்கள், தாமதக் கட்டணம் கூடியிருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பதில் வரும்: தங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதற்குள் தலைவரின் மகன் ஏ.எல். முடித்து மெல்பேர்ன் போயிருப்பான், தலைவரும் சங்கத்திலிருந்து விலகியிருப்பார். சங்கத்துக்கு ஆயுள் பதின்மூன்று வகுப்புகள்தான், கம்பனிக்கு அப்படி எல்லை கிடையாது. புதிய தலைவருக்கு மகஜரின் பிரதி தேவைப்பட்டால் குழுவில் தேட வேண்டாம், பழைய தொலைபேசியோடு அது போய்விட்டது. சாரதியின் மகளிடம் ஒரு பிரதி இருக்கும். அவள் இப்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். ஆனால் அவளிடம் கேட்காமல் இருப்பது நல்லது. சங்கத்திலேயே அந்த மகஜரை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவள்தான்.